கார் நிற்கும் கோடு

பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடம் உடற்கல்வி விரிவுரையாளராகக் குப்பை கொட்டியவரை மாணவர்கள் முட்டை சார் என்று கூப்பிட்டார்கள். அவர் கக்கத்தில் எந்நேரமும் ஒரு ரக்பி பந்து இருக்கும். அது முட்டை மாதிரி இருக்கும். காரணம் அவ்வளவுதான். முகத்துக்கு நேரே எல்லோரும் டாக்டர் என்பார்கள். யாராவது வாய் தவறி பி.டி. மாஸ்டர் என்று சொல்லிவிட்டால் போச்சு, தன் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பை முழுதாகச் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். தலைப்பை மட்டும் சொல்லவே ஒன்றரை நிமிடம் ஆகும். இப்போது அவர் காதில் விழப் போவதில்லை என்பதால் நாமும் முட்டை சார் என்றே வைத்துக்கொள்வோம்.

ரக்பியில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. விதிப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். எந்த விதி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று கேட்டால்கூடச் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அவருடைய அறைச் சுவர் முழுக்க அம்புக்குறி போட்ட வரைபடங்கள். ஆடியதுதான் இல்லை. படிக்கிற காலத்தில் ஒரே ஒரு மேட்ச், அதிலும் ஏழே நிமிடம். ஏழாவது நிமிடத்தில் தோள்பட்டை இறங்கி ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தார். அந்த ஏழு நிமிடத்தைச் சொல்லி முடிக்க இப்போது ஒரு முழு வகுப்பு தேவைப்படுகிறது. ஆரம்பத்தில் அவர் மேல் மோதியவன் ஒருத்தன்தான். வருடத்துக்கு வருடம் ஆள் சேர்ந்து இப்போது மூன்று பேர் ஆகிவிட்டார்கள்.

வீட்டிலும் இதே பாட்டுதான். ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் தள்ளக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் மகள் தட்டை எதிரே நீட்டினால்கூட, "ஃபார்வர்ட் பாஸ்!" என்று கத்துவார். அவர் மனைவி ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பார்க்கிறவர், நாள் முழுக்க ஊசியோடு புழங்கி வாக்கும் கொஞ்சம் ஊசியாகிப் போனவர்.

"அப்போ திரும்பி நின்னு கையப் பின்னால நீட்டுங்க, தட்டு தானா வரும்" என்பார்.

மகள் கல்லூரியில் தன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டவர்களிடம் "கவர்ன்மென்ட்ல" என்று சொல்லி வைத்திருந்தாள்.

அணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ரக்பிக்குப் பதினைந்து பேர் வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் ரக்பி ஆட ஆசைப்பட்டவர்கள், முட்டை சாரையும் சேர்த்து, ஒருவர். அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். பருவத்தேர்வு நெருங்கும்போது துறை அலுவலகங்களுக்குப் போய், வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியலை வாங்கி வருவார். விளையாட்டுக்குப் போன நாளெல்லாம் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு. இதுவே அவருடைய வலை. தூங்கியே வகுப்பைத் தவறவிட்டவன், சினிமாவே கதி என்று கிடந்தவன், காதலித்துக் கெட்டவன், இப்படிப் பதினைந்து பேர் அணிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். வருகை நாள் நிரம்பியதும் கழன்றும்விடுவார்கள்.

இந்த லட்சணத்தில் அணி ஒன்பது வருடமாக ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. முட்டை சார் அதைத் தோல்வி என்று ஒத்துக்கொண்டதே இல்லை. "அடித்தளம் போட்டுக்கிட்டிருக்கோம்" என்பார். ஒன்பது வருடமாக அடித்தளமே போட்டுக்கொண்டிருந்தால் அது கட்டடம் இல்லை, பள்ளம் என்று விளையாட்டுக் குழுவுக்குத் தோன்றிவிட்டது. அந்த வருடத் தொடக்கத்தில் ஓலை வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இந்த முறை ஒரே ஒரு ட்ரையாவது போட வேண்டும். இல்லையென்றால் ரக்பி பட்டியலிலிருந்து எடுக்கப்படும், மைதானம் வாகன நிறுத்துமிடம் ஆகும். கீழே பதிவாளரின் பச்சை மைக் கையெழுத்து.

கடிதத்தை முட்டை சார் மூன்று தடவை படித்தார். ரக்பி இல்லாவிட்டால் அவர் யார்? காலையில் விசில் ஊதி வரிசையில் நிற்கச் சொல்கிற ஆள். பி.டி. மாஸ்டர்.

நல்ல காலம், அந்த வருட வலையில் ஒரு பெரிய மீன் மாட்டியிருந்தது. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அறுபத்தோரு நாள் வகுப்புக்குப் போகாதவன். பேருந்தைத் தவறவிட்டே பழகி, அதன் பின்னாலேயே ஓடி ஓடி, யாராலும் பிடிக்க முடியாத கால் அவனுக்கு வாய்த்திருந்தது. நண்பர்கள் எக்ஸ்பிரஸ் என்பார்கள். முதல் நாள் பந்தைக் கையில் கொடுத்ததும் பதினான்கு பேரைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கோடு வரை போய்விட்டான். போய், கோட்டின் மேல் சடக்கென்று பிரேக் போட்டு நின்றான்.

நிற்காமல் என்ன செய்வான்? கோட்டுக்கு அந்தப் பக்கம் பதிவாளரின் கார் நின்றது.

ரக்பியில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. தாண்டி, அந்தப் பக்கத் தரையில் பந்தை வைத்து அழுத்த வேண்டும். அதற்குப் பெயர்தான் ட்ரை. அதற்காகக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பட்டை இடம் காலியாக விட்டிருப்பார்கள். இந்த மைதானத்தில் அந்தப் பட்டையில்தான் மரங்களும் மரத்தின் நிழலும் இருந்தன. ஐந்து வருடத்துக்கு முன் நிர்வாகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பதிவாளரின் காரையும் இரண்டு டீன்களின் காரையும் அந்த நிழலில் நிறுத்தினால் ஆட்டத்துக்கு இடைஞ்சலா என்று கேட்டிருந்தார்கள். அப்போது துறைப் பொறுப்பாளர் பதவி காலியாக இருந்தது. முட்டை சார் "எவ்வித இடையூறும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாள் போன கையோடு நேரிலும் போய் இடையூறு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பதவி வந்தது. மைதானத்தின் இன்னொரு முனையில் சாக்கடைக் கால்வாய். எனவே பயிற்சி முழுக்கக் கார் இருக்கிற பக்கமாகத்தான்.

"கோட்டைத் தொட்டா ட்ரைன்னு வெச்சுக்குவோம்" என்று பையன்களிடம் சொல்லி வைத்திருந்தார். "மேட்ச்ல தாண்டிப் போய் பந்தை வைக்கணும், அது உங்களுக்கே தெரியும். இங்க மட்டும் கோட்டுலயே நின்னுடுங்க. பெயின்ட்ல கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது?"

நான்கு மாதம் எக்ஸ்பிரஸ் ஓடினான், கோட்டில் நின்றான். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஓடி முப்பது தடவை நின்றான். கார் பளபளவென்று இருந்தது.

மேட்ச் நாள். வேறொரு பல்கலைக்கழகத்தின் பெரிய மைதானம், கயிறு கட்டி, கொடி நட்டு, ஓரத்தில் நிஜமாகவே ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிற மைதானம். எதிரணிக்காரர்கள் ஒவ்வொருவரும் அலமாரி அகலம். அரை மணி நேரத்தில் முப்பத்தோரு புள்ளி எடுத்துவிட்டார்கள். முட்டை சார் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முப்பத்தொன்றோ முந்நூறோ, அவருக்கு வேண்டியது ஒரு ட்ரை.

அது கிட்டத்தட்ட வந்தேவிட்டது. இடைவேளைக்குச் சற்று முன் பந்து எப்படியோ எக்ஸ்பிரஸ் கைக்கு வந்தது. அவன் கிளம்பிவிட்டான். ஒருத்தனைத் தாண்டினான், இரண்டாமவனைச் சுற்றினான், அதற்கு மேல் குறுக்கே ஆளே இல்லை. பின்னால் துரத்தியவன் பத்தடி தள்ளி இருந்தான். முட்டை சார் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

எக்ஸ்பிரஸ் கோட்டுக்கு வந்தான். கோட்டின் மேல் சடக்கென்று நின்றான்.

அவன் அங்கே நின்று, எதிரே பரந்து கிடந்த வெறும் புல்லைப் பார்த்தான். இன்னும் ஓரடி வைத்தால் போதும். அதற்குள் பின்னால் வந்த அலமாரி அவன் மேல் சரிந்தது, பந்து தெறித்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

இடைவேளையில் முட்டை சார் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

"ஏன்டா நின்ன? யாருக்காகடா நின்ன?"

"தெரியல சார். கால் தானா நின்னுடுச்சு."

"கார் அங்கதானடா இருக்கு! இங்க எங்கடா இருக்கு?"

"அது தலைக்குத் தெரியுது சார். காலுக்குத் தெரியல. நாலு மாசமா அங்க நிக்கத்தானே பழகினேன்."

முட்டை சார் பதிலுக்கு விதிப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை ஒப்பித்தார். வாய் அதை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது, தான் கையெழுத்துப் போட்ட அந்த 'இடையூறு இல்லை' தாள் கண் முன் வந்து நின்றது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கக் குரலை இன்னும் உயர்த்தினார்.

இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. எதிரணி ஐம்பதைத் தாண்டிவிட்டது. முட்டை சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையன் மறுபடி ஓடினால் மறுபடி நிற்பான், அவன் கால் நிற்கும், இது அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எதிரணிக் கோட்டுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொள்வது. அவன் வரும்போது கத்துவது.

கடைசி நான்கு நிமிடம். பந்து நழுவியது, எக்ஸ்பிரஸ் பொறுக்கினான், ஓடினான். முட்டை சார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "நிக்காதடா! கார் இல்லடா! வாடா, கார் இல்லடா!"

சத்தம் போதவில்லை என்று பட்டது. கயிற்றுக்கு அடியில் தலையைக் குனிந்தார், அடுத்த நொடி உள்ளே இருந்தார். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் உள்ளே வரக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எத்தனையாவது பக்கம் என்பதும் தெரியும். கோட்டுக்குப் பின்னால் இருந்த புல்லின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, கார் இல்லை என்பதை உடம்பாலேயே காட்டினார். குறுக்கும் நெடுக்கும் ஓடிக் காட்டினார். "பாரு, நானே ஓடறேன் பாரு!"

எக்ஸ்பிரஸ் பார்த்தான். கோட்டில் கால் வைத்தான், நிற்கவில்லை. தாண்டி வந்து, குப்புற விழுந்து, பந்தை நெஞ்சோடு சேர்த்துத் தரையில் அழுத்தினான்.

அவனைத் தடுக்க ஓரத்திலிருந்து ஓடி வந்த எதிரணியின் கடைசி ஆள், அவனை எட்டவே இல்லை. வழியில் கையை விரித்துக்கொண்டு ஒரு ஐம்பத்தேழு வயது விரிவுரையாளர் குறுக்கே ஓடினார். இருவரும் நேருக்கு நேர் மோதி உருண்டார்கள். ரக்பி வாழ்க்கையில் முட்டை சார் ஒரு ஆட்டக்காரனைக் கீழே சாய்த்தது அதுதான் முதல் தடவை. இறங்கியது அதே பழைய தோள்பட்டை.

நடுவர் விசிலை ஊதிவிட்டு, கீழே கிடந்தவரைக் குனிந்து பார்த்தார்.

"சார், நீங்க அந்த டீமோட கோச்தானே?"

"ஆமா. ட்ரைதானே? பந்து விழுந்துச்சுல்ல?"

"பந்து விழுந்துச்சு சார். ஆனா நீங்க அவரைத் தடுத்துட்டீங்களே. ட்ரை கிடையாது."

முட்டை சாருக்கு எதிர்த்துப் பேச வாய் வந்தது. நடுவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

திரும்பி வருகிற பேருந்தில் கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பையன்கள் தன்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தார். திட்டினால் பதில் சொல்ல நான்கு விதிகளைக்கூடத் தயாராக வைத்திருந்தார். யாரும் திட்டவில்லை. பின் இருக்கைகளில் ஒரே கும்மாளம். "பந்தை வெச்சேன்ல? கையால தொட்டேன்ல? கணக்குல வந்தா என்ன, வராட்டி என்ன!" என்று எக்ஸ்பிரஸ் பாடாத குறையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். வருகைப் பதிவுக்காக வந்த பதினைந்து பேரும் அடுத்த மேட்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் தன் பெயர் ஒரு இடத்திலாவது வருகிறதா என்று முட்டை சார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வரவில்லை.

அடுத்த வாரம் விளையாட்டுக் குழு கூடியது. பதிவாளர் நடுவரின் அறிக்கையை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "தடுக்க வந்த ஆட்டக்காரரைப் பயிற்சியாளர் மோதி வீழ்த்தியதால் ட்ரை மறுக்கப்பட்டது." வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்கக் கோப்புகளைப் பிரித்துப் படித்தார்கள்.

"அப்போ ட்ரை இல்ல. தீர்மானப்படி ரக்பிய எடுத்துடலாமா?"

வாலிபால் பயிற்சி தருகிற மேடம் கையைத் தூக்கினார். பேசாமல் உட்கார்ந்திருப்பவர் என்று பெயர் எடுத்தவர். "சார், பையன் கோட்டைத் தாண்டிப் பந்தை வெச்சிருக்கான். டீம் தன் வேலையச் செஞ்சிருச்சு. தப்பு டீமோடது இல்லையே?"

பதிவாளருக்கு இது பிடித்துப்போயிற்று. பிடித்ததைவிட, வேடிக்கையாக இருந்தது. "நியாயம்தான். விளையாட்டு மேல தப்புன்னா விளையாட்டை எடுக்கணும். பயிற்சியாளர் மேல தப்புன்னா பயிற்சியாளரை மாத்தணும். நீங்களே சொல்லுங்க டாக்டர், தப்பு யாரோடது? எழுதிக் கொடுத்துடுங்க. நாளைக்குள்ள."

மாற்றினால் ரக்பி வாலிபால் மேடத்தின் கைக்குப் போகும், முட்டை சார் போகிற இடம் தேர்வுப் பிரிவு. விடைத்தாள் கட்டுகளை எண்ணி அடுக்குகிற வேலை.

அன்று சாயங்காலம் வீட்டில் முட்டை சார் தாளை எதிரே வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதவில்லை. கட்டுப் போட்ட தோளில் மனைவி மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இவ்ளோ யோசனை? இந்த விளையாட்டுதான் என் உசுருன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்றீங்க. உசுர் பொழைக்கணும்னா ஒரு கையெழுத்து."

"நான் இல்லாம அந்தப் பசங்களுக்கு யாருடி சொல்லித் தருவா? அந்த வாலிபால் மேடத்துக்கு ஸ்க்ரம்னா என்னன்னே தெரியாது."

மனைவி பஞ்சை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க இல்லாட்டி நாசமாப் போயிடும்னு பயமா? இல்ல, நீங்க இல்லாட்டி நல்லா இருந்துடுமோன்னு பயமா?"

முட்டை சாருக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. எழுந்து பால்கனிக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். இந்த மனுஷிக்கு ரக்பியைப் பற்றி என்ன தெரியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற வலது கையால் எழுதினார். தவறு என்னுடையது. இரண்டே சொற்கள் போதும் என்கிற இடத்தில் பழக்கதோஷத்தில் விதி எண்ணையும் சேர்த்தார்.

தேர்வுப் பிரிவு அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அது சுவரைப் பார்த்து இருந்தது. முதல் பத்து நாள் முட்டை சார் மைதானத்துப் பக்கம் போகவில்லை. பதினோராவது நாள் சாயங்காலம் காலே இழுத்துக்கொண்டு போயிற்று. பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வருகை நாளெல்லாம் நிரம்பி முடிந்திருந்தும் பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். பதினாறாவது ஒருத்தனும் வந்திருந்தான். வாலிபால் மேடம் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பையனிடமே ஏதோ சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்க்கவே முட்டை சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் மரங்களைப் பார்த்தார். நிழல் இருந்தது. நிழலில் ஒன்றும் இல்லை.

"மேடம், கார் எங்க?"

"நூலகத்துக்குப் பின்னால சார். அங்கயும் நிழல் இருக்கே."

"யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க? குழுவுல வெச்சீங்களா? பதிவாளர் கையெழுத்துப் போட்டாரா?"

"டிரைவர்கிட்ட சொன்னேன் சார். பசங்க ஓடணும், கொஞ்சம் அந்தப் பக்கம் நிறுத்திக்கங்கன்னு. சரிம்மான்னு எடுத்துட்டுப் போயிட்டாரு. டீன் கார் ரெண்டும் பின்னாலயே போயிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா அஞ்சு வருஷம் முன்னாடியே எடுத்திருப்பேனே, யாரும் சொல்லலியேம்மான்னு அவரே வருத்தப்பட்டாரு."

முட்டை சார் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதற்குள் ஒரு விதியும் இல்லை. தூரத்தில் எக்ஸ்பிரஸ் பந்தோடு கிளம்பிவிட்டான், புல் தெறிக்க நேராக இவர்கள் நின்ற இடத்துக்கே வந்துகொண்டிருந்தான்.

மேடம் அவர் கையை மெல்லத் தொட்டார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பசங்க வர்றாங்க."

முட்டை சார் தள்ளி நின்றார்.